கோப்பின் வழியும் தமிழ்ப் பெயரும்

தேக்கா நிலையத்திற்குக் கடிதம் எழுதுவோர் உறையின்மீது "665, பஃபலோ சாலை, சிங்கப்பூர் 210665" என்று எழுதுவர். கட்டடத்தின் எண் முதலில் வரும். தெரு அதனை அடுத்து வரும். நாடு கடைசியில் நிற்கும். சீன மரபில் முகவரி எழுதுவோர் நாட்டில் தொடங்கித் தெருவுக்கு வந்து எண்ணில் முடிப்பர். ஒன்று சிறியதிலிருந்து பெரியதற்கு ஏறுகிறது. மற்றொன்று பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்குகிறது. எழுதும் முறை இரண்டாயினும் இடம் ஒன்றே. தபால்காரர் இதனை அறிவார். கணினி தானாக அறியாது. யாரேனும் அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். அவ்வாறு சொல்லிவைப்பது எங்ஙனம், சொல்லிவைக்கத் தவறினால் தமிழ்ப் பெயர் தாங்கிய கோப்புகளுக்கு நேர்வது யாது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

கணினியில் சேமிக்கப்படும் கட்டுரை, படம், ஒலிப்பதிவு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. கோப்புகளைக் கோப்புறைகளில் இட்டு வைப்பர். ஒரு கோப்புறைக்குள் வேறு கோப்புறைகளும் இருக்கலாம். வெளிக் கோப்புறையில் தொடங்கி உட்கோப்புறைகளைக் கடந்து கோப்பை அடையும் பெயர்த்தொடருக்கு 'வழி' என்று பெயர். 'நூலகம்' என்னும் கோப்புறைக்குள் 'சிங்கை', அதற்குள் 'கவிதை' இருப்பதாகக் கொள்க. லினக்ஸ் இயங்குதளத்தில் இதன் வழி /நூலகம்/சிங்கை/கவிதை என்று எழுதப்படும். விண்டோஸில் அதுவே சி:\நூலகம்\சிங்கை\கவிதை என்றாகும். 2001ஆம் ஆண்டுக்கு முன் வழங்கிய மாக்கின்டாஷ் கணினிகளில் வட்டின் பெயரை முன்னிட்டு, வட்டு:நூலகம்:சிங்கை:கவிதை என்று எழுதினர்.

இவை முழு வழிகள். குறை வழியும் உண்டு. "வீரமாகாளியம்மன் கோயிலுக்கு இரண்டு கடை தள்ளி" என்று ஒருவர் வழி சொன்னால், கேட்பவர் சிராங்கூன் சாலையில் நின்றுகொண்டிருந்தால்தான் அது பயன்படும். அவ்வாறே, நிரல் எந்தக் கோப்புறையில் நின்று இயங்குகிறது என்பதைப் பொறுத்தே குறை வழி பொருள் தரும். நிற்கும் இடம் மாறினால் சேரும் இடமும் மாறிவிடும்.

பெயர்களைப் பிரிக்கும் கோடு ஏன் இயங்குதளந்தோறும் வேறுபடுகிறது? இதற்கு ஆழ்ந்த தத்துவம் ஒன்றுமில்லை. வரலாற்றின் விளையாட்டே காரணம். யூனிக்ஸ் தொடக்க முதலே முன்சாய்கோட்டை வழங்கிற்று. 1981இல் வெளிவந்த டாஸ் இயங்குதளத்தின் முதற் பதிப்பில் கோப்புறைகளே கிடையா. ஆனால் கட்டளையோடு சேர்க்கும் விருப்பக் குறிப்புகளுக்கு முன்சாய்கோடு ஏற்கெனவே பயன்பட்டுவிட்டது. 1983இல் இரண்டாம் பதிப்பு கோப்புறைகளைக் கொண்டுவந்தபோது அந்தக் கோடு கைவசம் இல்லை. ஆகவே பின்சாய்கோட்டை எடுத்துக்கொண்டனர். அன்று வசதிக்காகச் செய்த ஏற்பாடு நாற்பது ஆண்டுகள் கடந்தும் நிலைத்து நிற்கிறது. ஜப்பானியக் கணினிகள் பலவற்றில் அதே குறி யென் நாணயக் குறியாகத் தோன்றுவது மற்றொரு வேடிக்கை.

பின்சாய்கோட்டால் நிரல் எழுதுவோர்க்கு வேறொரு தொல்லையும் உண்டு. 'சி' முதலிய நிரல்மொழிகளில் அக்கோட்டை அடுத்து 'என்' என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்து வந்தால் 'புதிய வரி தொடங்குக' என்று பொருள். ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் 'நியூட்டன்' என்று பெயரிட்ட கோப்புறையின் விண்டோஸ் வழியை அப்படியே நிரலில் எழுதினால், முதலெழுத்து விழுங்கப்பட்டு வழி இரண்டு வரிகளாக உடையும்.

எழுத்துத்தொடரா, உறுப்புகளின் தொகுதியா?

இத்தொல்லைகளுக்கெல்லாம் மூலம் ஒன்று உண்டு. நிரலர்கள் நெடுங்காலம் வழியை வெறும் எழுத்துத்தொடராகவே நடத்திவந்தனர். ஒரு பெயர், அதன்பின் ஒரு கோடு, அதன்பின் மற்றொரு பெயர் என்று ஒட்டிச் சேர்ப்பதே வழக்கம். எழுதியவர் கணினியில் அது சரியாக ஓடும். வேறு இயங்குதளத்தில் ஓடாமற் போகலாம். அல்லது, இதனினும் கேடாக, தவறான இடத்தில் கோப்பை எழுதிவிட்டு வாய்மூடி இருக்கலாம்.

சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளை எண்ணிப் பார்த்தால் இதன் பிழை விளங்கும். "#02-15" என்பதன் பொருள் இரண்டாம் தளம், பதினைந்தாம் எண் வீடு. இங்கு வாழ்வோர்க்கு அது பார்த்தவுடன் புரியும், வேற்றூரார்க்குப் புரியாது. தளம் 2, வீடு 15 என்ற இரு செய்திகளையும் தனித்தனியே குறித்து வைத்திருப்பவர், யாருக்கு எழுதுகிறாரோ அவருக்கேற்ற வடிவில் எழுதிக்கொள்ளலாம். குறியோடு சேர்த்து ஒட்டி வைத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் பிரித்தெடுக்கத் திணற வேண்டும்.

வழியை உறுப்புகளாகக் கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் புதிதன்று. 1984இல் நூலாக வெளிவந்த 'காமன் லிஸ்ப்' நிரல்மொழி, வழிக்கு ஆறு உறுப்புகளை வகுத்தது: கணினி, வட்டு, கோப்புறை, பெயர், வகை, பதிப்பெண். அக்காலத்து இயங்குதளங்களுள் சில ஒரே கோப்பின் பழைய பதிப்புகளையும் எண்ணிட்டுக் காத்தன; அவற்றையும் அணைத்துச் செல்ல விரும்பியதன் விளைவு இது. எல்லார்க்கும் பொருந்தத் தைத்த சட்டை எவர்க்கும் கச்சிதமாக அமையவில்லை. ஜாவா மொழி 2011இல் தன் ஏழாம் பதிப்பில் வழிக்கெனத் தனி வகையொன்றை அமைத்தது. பைத்தான் மொழிக்கு அந்த ஏற்பாடு 2014இல் வந்தது. அன்துவான் பித்ரூ என்பவர் முன்மொழிந்தது அது.

பைத்தானின் ஏற்பாடு சற்று விரித்துச் சொல்லத்தக்கது. அதில் வழிகள் இருவகைப்படும். ஒன்று வெறும் கணக்கு, வட்டைத் தொடாதது. மற்றொன்று வட்டோடு தொடர்புடையது. கோப்பைத் திறக்கும், இருக்கிறதா என்று பார்க்கும். முதல் வகையின் பயன் பெரிது. லினக்ஸ் கணினியில் அமர்ந்தபடியே ஒரு விண்டோஸ் வழியை உறுப்புகளாகப் பிரித்து ஆராயலாம். அவ்வழி அக்கணினியில் இருக்க வேண்டிய தேவை இல்லை. தேக்காவுக்குப் போகாமலே உறையிலுள்ள முகவரியைப் படிப்பது போன்றது இது. இரண்டு பெயர்களை இணைக்க வகுத்தல் குறியையே அம்மொழி எடுத்துக்கொண்டதும் நயமான ஏற்பாடு. நிரலர் எப்போதும் முன்சாய்கோடே இடுவார்; விண்டோஸில் ஓடும்போது பின்சாய்கோடு தானே வந்து அமையும்.

இதோடு சிக்கல் தீர்ந்தது என்றே ஆங்கிலத்தில் பெயரிடுவோர் பலர் எண்ணுவர். தமிழில் பெயரிடுவோர்க்கு இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. உறுப்புகளைப் பிரித்தாயிற்று; ஆனால் ஒவ்வோர் உறுப்பும் ஒரு பெயர் அல்லவா? அந்தப் பெயரையே இருவகையாய் எழுத முடிந்தால் என் செய்வது?

'கோப்பு' என்னும் சொல்லே சான்று

கணினித் தமிழின் வரலாற்றில் சிங்கப்பூருக்குத் தனியிடம் உண்டு. எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழ் ஏறுவதற்கு முன்னின்று உழைத்தவர். 1997 மே மாதத்தில் தமிழ் இணைய மாநாடு முதன்முதலாக இந்நகரில்தான் கூடிற்று. 1999இல் அவர் மறைந்தார். 2000இல் மூன்றாம் மாநாடும் இங்கேயே நடந்து, 'உத்தமம்' எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாயிற்று. அக்காலத்தில் எழுத்துருவுக்கொரு குறியேற்றம் வழங்கியது. ஒருவர் அனுப்பியதை மற்றவர் படிக்க முடியாத நிலை. பின்னர் யூனிகோட் பரவியது. அந்தக் குழப்பம் பெரும்பாலும் ஒழிந்தது. கட்டுரையின் உள்ளே இருக்கும் தமிழைப் பொறுத்தவரை இது மெய்யே. கோப்பின் பெயராக நிற்கும் தமிழுக்கு இன்னும் முழு விடுதலை கிட்டவில்லை.

யூனிகோடில் ஒவ்வோர் எழுத்துறுப்புக்கும் ஓர் எண் உண்டு. 'க' என்பதற்கு 2965; ஓகாரக் குறிக்கு 3019. ஆகவே 'கோ' என்பது 2965, 3019 என இரண்டு எண்களாகும். ஆயினும் ஓகாரக் குறி கண்ணுக்கு இரட்டைக்கொம்பும் காலுமாகப் பிரிந்தே தெரிகிறது. இரட்டைக்கொம்புக்கு 3015 என்றும் காலுக்கு 3006 என்றும் தனி எண்கள் உள்ளன. எனவே 2965, 3015, 3006 என மூன்று எண்களாலும் அதே 'கோ'வை எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டும் ஒன்றே என யூனிகோட் விதியும் கூறுகிறது. ஆனால் எண்களை மட்டும் ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். 'கோப்பு' என்னும் சொல் ஒரு முறையில் ஆறு எண், மற்றொரு முறையில் ஏழு எண். ஒகரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே நிலைதான்.

எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் கொம்பால் வேறுபடுத்தித் தந்த பெருமை 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவருக்கு உரியது என்பர். வேறுபாடு காட்ட அவர் பட்ட பாட்டிற்கு மாறாக, வேறுபாடு இல்லாத இடத்தில் கணினி வேறுபாடு காண்கிறது.

இயங்குதளங்கள் இதனை எவ்வாறு நடத்துகின்றன? ஆப்பிள் நிறுவனம் 1998இல் மாக்கின்டாஷுக்குக் கொண்டுவந்த கோப்பு முறை, எந்தப் பெயரைக் கொடுத்தாலும் அதனைப் பிரித்த வடிவில், அஃதாவது கொம்பும் காலுமாகவே, பதிந்துவைத்தது. விண்டோஸும் லினக்ஸும் கொடுத்ததைக் கொடுத்தபடியே வைக்கின்றன. ஒன்றா வேறா என்று பார்ப்பதில்லை. ஆகவே அவற்றில் ஒரே கோப்புறைக்குள் 'கோப்பு' என்ற பெயரில் இரண்டு கோப்புகள் அருகருகே இருக்க முடியும். 2017இல் ஆப்பிள் மாற்றியமைத்த புதிய கோப்பு முறை, பெயரைக் கொடுத்தபடியே வைத்து, தேடும்போது மட்டும் இரு வடிவங்களையும் ஒன்றாகக் கொள்கிறது. இம்மூன்றனுள் அறிவுடைய முறை கடைசியதே. எனினும் பழைய முறையில் பிரிந்த பெயர்கள், கட்டி அனுப்பிய பொதிகளின் வழியே எங்கெங்கோ பரவிவிட்டன.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. பட்டியலை ஒருவர் விண்டோஸில் தட்டச்சுச் செய்கிறார். படிமங்கள் பழைய மாக்கின்டாஷிலிருந்து வருகின்றன. பட்டியலில் உள்ள பெயரைக் கொண்டு நிரல் கோப்பைத் தேடுகிறது, 'இல்லை' என்கிறது. திரையில் பார்ப்பவருக்கோ கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. காணவில்லை என்று நம்பி மீண்டும் ஒரு படி எடுத்து வைத்தால் ஒரே பெயரில் இரண்டு ஆகும். அவற்றுள் ஒன்றைத் திருத்துவர். மற்றது திருத்தப்படாமல் நிற்கும். எது மெய்ப்படி என்று பின்னர் வருவோர்க்குத் தெரியாது.

இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் விதியை யூனிகோடே வகுத்துள்ளது. அதற்கான கருவி எல்லா நிரல்மொழிகளுக்கும் கிடைக்கிறது. ஆனால் அந்த விதிக்கும் எட்டாத இடங்கள் தமிழில் உள்ளன. 'ஔவை' என்று எழுத ஔகாரம் என்ற ஓரெழுத்து உண்டு. பலர் ஒகரத்தை அடுத்து ளகரத்தை இட்டு 'ஒளவை' என்று தட்டச்சுச் செய்கின்றனர். பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. யூனிகோட் இவ்விரண்டையும் ஒன்றென ஏற்பதில்லை. ஏற்கவும் இயலாது, 'ஒளி' என்னும் சொல்லில் அதே இரண்டும் முறையாகவே அடுத்தடுத்து வருகின்றன அல்லவா!

சிராங்கூன் சாலையில் நடப்பவர் மற்றொரு சான்றைக் கோயில் வாயில்தோறும் காணலாம். 141ஆம் எண்ணில் ஸ்ரீ வீரமாகாளியம்மன், 397இல் ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள், 555இல் ஸ்ரீ வடபத்திர காளியம்மன். இந்த 'ஸ்ரீ' என்ற ஒரே வடிவத்திற்குக் கணினியில் இரு பிறப்பு உண்டு. முதலில் அதனை ஸகரத்திலிருந்து (எண் 3000) தொடங்கி அமைத்தனர். 2005இல் யூனிகோட் 4.1ஆம் பதிப்பு ஶகரம் (எண் 2998) என்னும் வடவெழுத்தைச் சேர்த்தபின், அதிலிருந்து தொடங்குவதே சரியெனக் கொள்ளப்பட்டது. பல எழுத்துருக்களில் வடிவம் ஒன்றே, எண்கள் வேறு. பொது விதி இவற்றையும் ஒன்றாக்குவதில்லை. திருவிழாப் படங்களைக் கோயிற்பெயரிட்ட கோப்புறையில் சேர்ப்பவர் ஒருவர், சென்ற ஆண்டுப் படங்களைத் தேடுபவர் வேறொருவர் என்றால், இருவர் விசைப்பலகையும் ஒத்துப்போகும் என்பதற்கு உறுதி இல்லை.

நீளத்தைப் பற்றியும் ஒரு சொல். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட் எல்லை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்; தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. 'சிராங்கூன்' கண்ணுக்கு ஐந்தெழுத்து. கணினிக்குப் பத்துக் குறி. லினக்ஸ் வட்டில் முப்பது பைட். ஆங்கிலத்தில் அதே ஊர்ப்பெயர் ஒன்பது பைட்டில் முடிந்துவிடுகிறது. நூலின் தலைப்பு, துணைத்தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் அனைத்தையும் கோப்பின் பெயரிலேயே ஏற்ற விரும்பும் தமிழர் எல்லையை விரைவில் முட்டுவார். விண்டோஸ் கணக்கு வேறு: அங்கு ஒரு பெயருக்கன்றி, முழு வழிக்கே 260 குறி என்ற பழைய எல்லை இன்னும் பல நிரல்களைக் கட்டுப்படுத்துகிறது. ஓரிடத்தில் செல்லும் பெயர் மற்றோரிடத்தில் செல்லாது.

பெயர் முதலெழுத்துகளுக்குப் புள்ளி வைக்கும் தமிழர் வழக்கமும் இங்கே வந்து இடறுகிறது. தமிழ் முரசை 1935இல் தொடங்கிய கோ. சாரங்கபாணியின் கட்டுரைகளை ஒருவர் 'கோ.சா.' என்ற கோப்புறையில் இடுகிறார் எனக் கொள்க. லினக்ஸ் அதனை அப்படியே ஏற்கும். விண்டோஸ் பெயரின் கடைசிப் புள்ளியைச் சொல்லாமல் நீக்கிவிடும். எஞ்சிய 'கோ.சா' என்பதில் நடுப்புள்ளிக்குப் பின்னுள்ள 'சா'வைக் கோப்பின் வகை என்று நிரல் பொருள்கொள்ளும். கேள்விக்குறியோடு முடியும் தலைப்பையோ, முக்காற்புள்ளி இட்ட தலைப்பையோ பெயராக வைத்தால் லினக்ஸ் ஏற்கும், விண்டோஸ் மறுத்துவிடும்.

படிக்க முடியாத பெயர்கள்

எல்லாப் பெயரும் யூனிகோடில்தான் இருக்கும் என்று நிரல்மொழி நம்பலாமா? இந்தக் கேள்விக்குப் பைத்தான் தந்த விடை படிப்பினை மிக்கது. லினக்ஸில் கோப்பின் பெயர் என்பது உண்மையில் பைட்களின் வரிசையே; எந்தக் குறியேற்றம் என்ற குறிப்பு அதில் இல்லை. யூனிகோடுக்கு முற்பட்ட 'திஸ்கி' குறியேற்றத்தில் பெயரிட்ட கோப்பு ஒன்று இருந்தால், அதன் பைட்கள் இன்றைய முறைப்படி பொருளற்றவை. 2008 டிசம்பரில் வெளிவந்த பைத்தான் 3.0 அத்தகைய பெயர்களைக் கோப்புறைப் பட்டியலிலிருந்து சத்தமின்றி விட்டுவிட்டது. கோப்பு வட்டில் இருக்கும். நிரல் அதனைக் காணாது. நிரலை நம்பிப் படியெடுப்பவர் பழைய தமிழ்க் கோப்புகளை மட்டும் விட்டுவிட்டு, எல்லாம் வந்துவிட்டது என்று மகிழ்ந்திருப்பார். அடுத்த ஆண்டு வந்த 3.1ஆம் பதிப்பு இதனைத் திருத்தியது: படிக்க முடியாத பைட்களைத் தனிக் குறிகளாக மறைத்துச் சுமந்து சென்று, கோப்பைத் திறக்கும்போது மீண்டும் பழைய பைட்களாகவே ஒப்படைக்கும் ஏற்பாடு அது. 2015இல் முதற் பதிப்பு வெளிவந்த 'ரஸ்ட்' மொழி ஒருபடி மேலே சென்று, இயங்குதளம் தரும் பெயருக்கும் சாதாரண எழுத்துத்தொடருக்கும் தனித்தனி வகைகளை வைத்தது. ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது 'மாற்ற இயலவில்லை' என்ற விடைக்கும் நிரலர் ஆயத்தமாக இருந்தாக வேண்டும். தொல்லை என்று சிலர் முணுமுணுப்பர். மறைக்கப்பட்ட தொல்லையைவிடக் கண்ணில் படும் தொல்லை நல்லது.

இவற்றிலிருந்து நடைமுறை ஒன்று தெளிகிறது. இயங்குதளம் எந்தப் பெயரைக் கொடுத்ததோ, அதே பெயரைக் கொண்டே கோப்பைத் திறக்க வேண்டும். ஓர் எண்ணைக்கூட மாற்றலாகாது. ஒப்பிடுவதற்கும் பட்டியலில் தேடுவதற்கும் விதிப்படி ஒன்றாக்கிய வேறொரு படியை உடன் வைத்துக்கொள்ள வேண்டும். 'ஔவை', 'ஸ்ரீ' போன்றவற்றுக்குத் தமிழறிந்தவர் தனி விதி எழுதிச் சேர்க்க வேண்டும். நல்லெண்ணத்தோடு பெயரையே 'திருத்தி' விட்டுத் திறக்க முயல்வதுதான் மிகுதியான நிரல்கள் செய்யும் பிழை.

இணைய முகவரியில் இத்தனை இடர் இல்லை. 2011 முதல் '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே முடியும் களப்பெயர் உலக இணையத்தில் இடம்பெற்றிருக்கிறது. களப்பெயர்கள் ஒன்றாக்கிய வடிவில்தான் பதியப்பட வேண்டும் என்று உலகுக்கெல்லாம் ஒரே விதி உள்ளது. வட்டில் உள்ள கோப்புக்கு அவ்வாறு உலகப் பொதுவான காவலர் எவரும் இல்லை. ஒவ்வோர் இயங்குதளமும் தன் எல்லைக்குள் தானே அரசு.

ஆகவேதான் பெருந்தொகுப்புகளைக் காப்போர்க்குப் பெயருக்குப் பதில் எண் இடுவது பாதுகாப்பான வழி. 1995இல் சிங்கப்பூர் ஆறிலக்க அஞ்சல் எண்ணுக்கு மாறியபோது செய்ததும் இதுவே: பஃபலோ சாலையை எந்த மொழியில் எப்படி எழுதினாலும் 210665 மாறுவதில்லை. 2015இல் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின் பயனாக ஐம்பதாண்டுச் சிங்கப்பூர்த் தமிழிலக்கிய நூல்கள் ஏறத்தாழ 350 மின்வடிவம் பெற்றன. அத்தகைய தொகுப்பில் கோப்புக்கு எண்ணும், தமிழ்த் தலைப்புக்குப் பட்டியலில் இடமும் தருவது முறையாகும். எனினும் வீட்டில் பாட்டியின் பாடலைப் பதிந்துவைக்கும் பேரனை, எண்ணிட்டு வை, தமிழில் பெயரிடாதே என்று சொல்வது நியாயமன்று. அவன் 'கோலாட்டப் பாட்டு' என்றுதான் பெயரிடுவான். நிரல்தான் அதற்கு இணங்கி வர வேண்டும்.

நிரல் இணங்குகிறதா என்று பார்க்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. லினக்ஸ் கணினியில் ஒரே கோப்புறைக்குள் ஒன்றாக்கிய 'கோப்பு' ஒன்றும், பிரித்த 'கோப்பு' ஒன்றும் அமைத்து, வெவ்வேறு வரி எழுதி வைக்க வேண்டும். பிறகு அக்கோப்புறையை நிரலைக் கொண்டு விண்டோஸுக்கும், அங்கிருந்து மாக்கின்டாஷுக்கும் படியெடுக்கச் செய்து எண்ணிப் பார்க்க வேண்டும். விண்டோஸில் இரண்டும் வந்து சேரும். மாக்கின்டாஷில் இரண்டுக்கும் இடமில்லை. அங்கே நிரல் நின்று கேட்கிறதா, அல்லது ஒரு வரியை அழித்துவிட்டு 'முடிந்தது' என்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும்.